தண்டவாளம் போன தடம்

தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலில் கிளம்பும் காவடிகள் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு வந்து சேர்கின்றன. செட்டியார் கோயில் என்றால்தான் பலருக்குத் தெரியும். அதன் அருகில்தான் ஒரு காலத்தில் சிங்கப்பூரின் ரயில் நிலையம் இருந்தது. 1903இல் அங்கிருந்து நியூட்டன், புக்கிட் தீமா வழியாக உட்லண்ட்ஸ்வரை ரயில் ஓடியது. ஜொகூர் போகிறவர்கள் அங்கே இறங்கிப் படகேற வேண்டும். 1923இல் கடற்பாலத்தில் ரயில் வந்த பிறகே அந்தச் சிரமம் தீர்ந்தது.

1932இல் பாதையே மாறியது. தஞ்சோங் பகாரில் புது நிலையம் எழுந்தது. முகப்பில் சிற்பி ருடோல்ஃபோ நொல்லியின் நான்கு பளிங்குச் சிற்பங்கள்: விவசாயம், வணிகம், தொழில், போக்குவரத்து. அதே ஆண்டு குவீன்ஸ்வே தண்டவாள ஓரத்தில் இந்திய ரயில் தொழிலாளர்கள் முனீஸ்வரனுக்கு ஒரு சிறு கோயில் எழுப்பினார்கள். இன்று அது காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயில். ரயில் கதை சொல்கிறவர்கள் நொல்லியை விடுவதில்லை, முனீஸ்வரனையும் விடக்கூடாது.

ரயில் நிலம் 1918இலேயே சட்டப்படி மலாயா ரயில்வேக்குப் போயிருந்தது. ஆகவே சுதந்திர சிங்கப்பூரின் நடுவே ஒரு மலேசிய நிலக்கீற்று! 1990இல் அதைப் பற்றி இரு நாடுகளுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம். அதற்கு என்ன பொருள் என்பதில் இருபது ஆண்டு இழுபறி. 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சாவடியை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியாவின் சாவடி தஞ்சோங் பகாரிலேயே இருந்தது. பயணி முதலில் மலேசியாவுக்குள் நுழைந்துவிட்டு, பிறகு சிங்கப்பூரை விட்டு வெளியேறினார். 2010இல் இரு நாட்டுப் பிரதமர்களும் உடன்பட்டார்கள். 2011 ஜூன் 30 இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராஹிமே ஓட்டிச் சென்றார்.

புக்கிட் தீமா நிலையத்தில் கடைசிவரை பழைய டோக்கன் முறைதான். ஒற்றைப் பாதை என்பதால், டோக்கன் கைக்கு வந்தால்தான் ஓட்டுநர் அடுத்த பகுதிக்குள் நுழையலாம். கணினிக்குப் பேர்போன ஊரில் இப்படியொரு ஏற்பாடு 2011வரை நீடித்தது. அந்த நிலையம் 2022இல் மீண்டும் திறந்தது, ரயிலுக்காக அல்ல. இப்போது அது கண்காட்சிக்கூடம். தண்டவாளம் இருந்த 24 கிலோமீட்டர் தடம் நடைப்பயிற்சிக்கும் மிதிவண்டிக்கும். தேசிய நினைவுச்சின்னமான தஞ்சோங் பகார் நிலையத்தின் அடியில் கேண்டோன்மன்ட் எம்ஆர்டி நிலையம் கட்டப்பட்டிருக்கிறது.

புக்கிட் தீமாவில் பிரிந்து ஜூரோங் தொழிற்பேட்டைக்குச் சரக்கு ஏற்றிச்சென்ற கிளைப் பாதைக்கு இந்தக் கவனிப்பு வாய்க்கவில்லை. 1960களில் போட்டது, 1990களில் கைவிடப்பட்டது. உலு பாண்டான் ஆற்றுமேல் அதன் இரும்புப் பாலமும், கிளமெண்டி ரோட்டுக்கடியில் ஒரு சுரங்கமும் மிச்சம்.