வெத்துச் செக்கும் சுய விருப்பமும்

வக்கீல் என்று சொன்னதும் நம் தோழர்கள் கேட்கிற அடுத்த கேள்வி, "வன்கொடுமை கேஸெல்லாம் பார்க்கிறீங்களா?" என்பதுதான். கோர்ட்டில் கூட இருக்கிற வக்கீல்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சேரியிலிருந்து வந்தவன் என்றால் ஜாமீன், கிரிமினல், பி.சி.ஆர். கேஸ். காசு, கம்பெனி, ஒப்பந்தம் எல்லாம் வேறு யாருக்கோ எழுதி வைத்த வேலை. நான் பார்ப்பது காசு வழக்கு.

என் அன்றாட வேலையில் வீரம் ஒன்றும் இல்லை. கம்பி வாங்கிப் பணம் தராத காண்ட்ராக்டர், சரக்கு சரியில்லை என்று பாக்கியை நிறுத்திய கடைக்காரர், கணக்குக் காட்டாத கூட்டாளி என்று வருவார்கள். பில்லையும் ரசீதையும் தேதி வாரியாக அடுக்கி நோட்டீஸ் எழுத வேண்டும். செக் திரும்பினால், பாங்க் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள் தவணை. அதற்குள் பணம் வராவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார். நாள் எண்ணுகிற பிழைப்பு. இதுல சாதி எங்க இருக்குன்னு கேட்பீங்க.

செக் திரும்பினால் ஜெயில் என்கிற 138ஆம் பிரிவு, 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1989ஆம் வருஷத்துச் சட்டம்தான். அதை நம் தோழர்கள் பிரிவு பிரிவாகச் சொல்வார்கள். ஆனால் நம் சனங்கள் என் மேசைக்குக் கொண்டு வருகிற சம்மன் 138இல்தான் வருகிறது.

கொத்தனார் வேலை பார்க்கிற ஒருவர் வந்தார். என் அப்பா வயசு இருக்கும். மகள் காலேஜ் பீஸுக்கு ஊர்த்தெருவில் 20,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். ஈடாக, தொகை எழுதாத செக்கில் கையெழுத்து. கடனில் பெரும் பகுதியைக் கையில்தான் திருப்பிக் கொடுத்தார், ரசீது கிடையாது. இடையில் அவர்களுக்குள் வேறொரு தகராறு. செக் 3 லட்சம் ரூபாயாக பாங்குக்குப் போய்த் திரும்பியது.

"தொகையை எழுதாம ஏன் கொடுத்தீங்க?" என்று கேட்டேன். எந்த வக்கீலும் கேட்கிற கேள்வி.

"என்னா தம்பி பேசுற. அவங்க திண்ணையில உக்காந்திருக்காங்க, நான் கீழ தெருவுல நிக்கிறேன். எவ்ளோன்னு எழுதிட்டுக் கேளுங்கன்னு நான் எப்பிடிப்பா சொல்றது?"

இனி சட்டத்தைப் பாருங்கள். 139ஆம் பிரிவின்படி, செக் கையில் இருந்தாலே அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்று கோர்ட்டு அனுமானிக்கும். இல்லை என்று காட்ட வேண்டியது கையெழுத்துப் போட்டவன் பொறுப்பு. 2019இல் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: பணம் செலுத்துவதற்காகச் சுய விருப்பத்தோடு கையெழுத்திட்டுக் கொடுத்தது வெற்றுச் செக்காக இருந்தாலும் இந்த அனுமானம் பொருந்தும். தொகையை வேறு ஆள் நிரப்பினார் என்பதால் மட்டும் செக் செல்லாமல் போகாது.

சுய விருப்பம். அந்த ஒரு சொல்லில்தான் சாதி ஒளிந்துகொண்டிருக்கிறது. ஒப்பந்தம் போடுகிற இரண்டு பேரும் சரிசமமாக உட்கார்ந்து பேசினார்கள் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஒருத்தர் திண்ணையிலும் ஒருத்தர் தெருவிலும் இருந்தது செக்கில் தெரியாது.

ஆனால் 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 16ஆம் பிரிவு இருக்கிறது. ஒருத்தர் மனசை அடக்கி ஆளும் நிலையில் இன்னொருத்தர் இருந்து, பேரமும் நியாயத்துக்கு ஒவ்வாததாகத் தெரிந்தால், தகாத செல்வாக்கு இல்லை என்று நிரூபிக்கிற சுமை அந்த ஆளுகிறவர் தலையில் விழும். பாடப்புத்தகத்தில் இதற்குக் குருவும் சீடனும், டாக்டரும் நோயாளியும் உதாரணமாக வருவார்கள். ஊரும் சேரியும் வராது.

நான் எழுதினேன். பதில் நோட்டீஸில் வாங்கிய தொகை, திருப்பிய தவணைகள், பிறகு ஒரு தனிப் பத்தி: இவர் எந்தச் சாதி, அவர் எந்தச் சாதி, கையெழுத்துப் போடும்போது யார் எங்கே இருந்தார்கள். எதிர்த்தரப்பு சீனியர், "காசு கேஸ்ல சாதியை ஏம்ப்பா இழுக்கிற?" என்றார். "நான் இழுக்கல சார், அது அங்கேயேதான் நின்னுக்கிட்டிருந்தது" என்றேன்.

வழக்கு நாலு வருஷம் இழுத்தது. 3 லட்சம் கொடுக்க உங்களிடம் வருமானம் ஏது, வருமான வரிக் கணக்கில் காட்டினீர்களா என்று குறுக்கு விசாரணையில் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. கொத்தனார் விடுதலையானார். தீர்ப்பில் என் தனிப் பத்தியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஆனாலும் இப்படிப்பட்ட வழக்குகளில் அந்தப் பத்தியை எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். நூறு தடவை எழுதினால் ஒரு நீதிபதியாவது அதற்குப் பதில் எழுத வேண்டி வரும்.

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டத்தோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறோம். அவர் ரூபாயின் பிரச்சினை பற்றி 1923இல் புத்தகம் போட்டவர். 1925 முதல் 1928 வரை பம்பாயில் ஒரு கணக்கியல் பயிற்சிக் கழகத்தில் வணிகச் சட்டம் நடத்தியவர். அதற்கு முன்பே பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்கிற தொழில் தொடங்கினார். தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். நம்மை உள்ளே விடாத இடங்களில் காசும் ஒன்று என்பது அவருக்கு அன்றைக்கே தெரியும்.

சட்டம் படிக்கிற நம் பிள்ளைகள் ஒப்பந்தச் சட்டத்தைப் பரீட்சைக்கு மட்டும் படிக்க வேண்டாம். ஊரில் வேலை செய்கிற தோழர்கள் சில விஷயங்களைச் சேரியில் சொல்லுங்கள். எழுதாத செக்கில் கையெழுத்து போட மாட்டேன் என்று சொல்ல முடியாத நிலைமை இருக்கத்தான் செய்யுது. அப்பவும் வீட்டுக்கு வந்து செக் நம்பர், தேதி, வாங்கின தொகை மூணையும் ஒரு நோட்டுல எழுதி வைக்கலாம். முடிஞ்சவரைக்கும் பாங்க் வழியாவே கடனைத் திருப்பலாம். வக்கீல் நோட்டீஸ் வந்தா தபாலைத் திருப்பி அனுப்பாதீங்க; வாங்க மறுத்தாலும் கிடைச்சதாத்தான் கோர்ட்டு எடுத்துக்கும். வாங்குங்க, பதில் போடுங்க. எங்க நின்னு கையெழுத்துப் போட்டீங்கங்கிறதையும் அதுல எழுதச் சொல்லுங்க.