ஓரிரு இடங்களில்...



மதுரை மாநகரிலிருந்து மேலக்கால் சாலை வழியாகச் சோழவந்தானுக்கு என்றேனும் பயணம் செய்திருக்கிறீர்களா? கோச்சடையைக் கடந்ததும் நகரத்தின் இரைச்சல் மெல்ல ஓய்ந்துவிடும். இடப்புறம் நாகமலை, பெயருக்கேற்பப் படுத்துக் கிடக்கும் பாம்பைப் போல நெடுந்தூரம் உடன் வரும். வலப்புறம் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் வைகை. துவரிமான், மேலக்கால் என்று ஊர்கள் வந்து போக, தென்கரையில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் சோழவந்தான். வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழையும் நெல்லும் செழித்த பூமி. மதுரையின் வறண்ட முகத்தை மட்டுமே கண்டவர்களுக்கு, இது வேறொரு மாவட்டமோ என்ற ஐயமே எழும்.

ஐப்பசி மாதத்தில் அவ்வழியே செல்வோர் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். வாகனங்கள் ஏறிவிடாதபடி ஓரமாகக் கற்களை அடுக்கி வைத்திருப்பார்கள். முதல் போக அறுவடை முடியும் காலமும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலமும் ஒன்றாக அமைந்துவிட்டதுதான் இப்பகுதி உழவர்களுக்கு ஏற்பட்ட சோதனை. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்திற்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆகவே நெல்லைக் காய வைத்தாக வேண்டும். காய வைக்க வெயில் வேண்டும். இம்மாதத்திலோ, நன்றாக வெயில் அடிக்கின்ற நாளில்தான் மாலையில் இடியும் வருகிறது!

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில், என்னிடம் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தையார் அச்சாலையில் நெல்லைக் காய வைத்திருந்தார். குத்தகை நிலம். மகளின் நிக்காஹ்வுக்கு ஜவுளி எடுக்க அன்று அவர் மதுரைக்கு வர வேண்டியிருந்தது. காலையில் தொலைபேசியில் அழைத்து, "ஹஜ்ரத், இன்றைக்கு மழை உண்டா? செல்லில் என்ன போட்டிருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டார். பார்த்தேன். 'மதுரை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மிதமான மழை பெய்யக்கூடும்' என்றிருந்தது. "ஓரிரு இடங்களில்தானாம் பாய், அதுவும் மிதமான மழைதானாம். நீங்கள் தைரியமாக வாருங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

அஸர் தொழுகைக்குப் பின் வானம் கறுத்தது. மஃரிப் பாங்கு சொல்லும் முன்னரே முக்கால் மணி நேரம் அங்கே கொட்டித் தீர்த்துவிட்டது. மூன்றாம் நாள் நெல் முளைகட்டிவிட்டதாக மாணவர் வந்து சொன்னார். தந்தையார் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. "அல்லாஹ் நாடியது நடந்தது ஹஜ்ரத்" என்றார், அவ்வளவே. அவர் கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வரலாறு படித்துப் பட்டம் பெற்ற எனக்கு வானிலை அறிவியலோடு எந்த உறவும் இருந்ததில்லை. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான், நாள்தோறும் நாம் கேட்கின்ற அந்த அறிக்கையின் சொற்களுக்கு என்ன பொருள் என்று தேடிப் படித்தேன். படித்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. 'ஓரிரு இடங்களில்' என்றால், ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கிலோ அதற்கும் குறைவாகவோ மழை பதிவாகும் என்பது பொருள். எத்தனை இடங்கள் என்பதைத்தான் அச்சொல் கூறுகிறதேயொழிய, அந்த இடங்களில் எவ்வளவு பெய்யும் என்பதை அன்று. 'மிதமான மழை' என்பதற்கோ திட்டமான அளவே உண்டு. ஒரு நாளில் 15.6 மில்லிமீட்டர் முதல் 64.4 மில்லிமீட்டர் வரை! அதாவது, ஆறு சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டினாலும் வானிலைத் துறையின் அகராதியில் அது மிதமான மழைதான். சாலையில் கிடக்கும் நெல்லுக்கு இரண்டு சென்டிமீட்டரே போதும். அறிக்கை அன்று பொய் சொல்லவில்லை. 'ஓரிரு' என்பதைக் 'கொஞ்சம்' என்று மொழிபெயர்த்த பிழை என்னுடையது.

மதுரைச் சமவெளியின் மழை விசித்திரமானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 85 சென்டிமீட்டர். அதில் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரையெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கேரளத்தில் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு நம்மிடம் வருகிறது. ஆயினும் ஆவணி, புரட்டாசி மாலைகளில் மதுரையில் இடிமழை உண்டல்லவா? அது வந்த மழையன்று, இங்கேயே பிறந்த மழை. காலை வெயிலில் தரை சூடேறி, காற்று மேலெழும்பும். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் கடலிலிருந்து ஈரக்காற்று பிற்பகலில் உள்ளே நுழைந்து, மேலைக்காற்றோடு மோதும். மோதும் இடத்தில் முகில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்திற்குக் கோபுரம் போல் எழுந்து, ஒரு மணி நேரத்தில் பொழிந்து கலைந்துவிடும். ஒரு முகிலின் அகலம் சில கிலோமீட்டர்களே. ஆதலால்தான் தல்லாகுளத்தில் குடை பிடித்து நடப்பவர், பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கும்போது புழுதியைக் காண்கிறார்.

இந்தச் சிறு முகிலைத்தான் முன்னறிவிப்பில் பிடிக்க முடியாமல் திணறுகிறார்கள். கணினிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. நம் நாட்டில் நெடுநாள் அந்தக் கட்டம் 12 கிலோமீட்டராக இருந்தது. 2025 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட புதிய முறையில் அது 6 கிலோமீட்டராகச் சுருங்கியிருக்கிறது. பெருமைக்குரிய முன்னேற்றந்தான். எனினும் வலையின் கண் எவ்வளவு பெரிதோ, அதனினும் சிறிய மீன் நழுவத்தானே செய்யும்! பிறந்துவிட்ட முகிலை ராடார் காட்டிக் கொடுக்கும். ஆனால் காரைக்காலில் இருக்கும் ராடாருக்கும் மதுரைக்கும் இடையே 200 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. பூமி உருண்டையாக இருப்பதால், அத்தனை தொலைவு வருவதற்குள் அதன் கதிர் தரையிலிருந்து 3 கிலோமீட்டருக்கும் மேலே எழும்பிவிடும். முகிலின் தலை தெரியும், கால் தெரியாது. மேற்கே கேரளத்து ராடார்களுக்கோ மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது.

2024 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. கோரிப்பாளையத்தில் ஜும்ஆ தொழுதுவிட்டுச் செல்லூரில் ஒரு பெரியவரை நலம் விசாரிக்கச் சென்றிருந்தேன். மூன்று மணியளவில் பகல் இரவானது. பின்னர் அரசு வெளியிட்ட கணக்கின்படி, அன்று நகரில் பெய்த 9.8 சென்டிமீட்டர் மழையில் 4.5 சென்டிமீட்டர் கால் மணி நேரத்திற்குள் பெய்ததாகும். இதன் பொருளை இப்படி எண்ணிப் பாருங்கள்: ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியொன்றில் பதினைந்து நிமிடங்களில் நாலாயிரம் லிட்டருக்கு மேல் நீர்! பந்தல்குடிக் கால்வாய் நிரம்பி, தெரு எது வாய்க்கால் எது என்று தெரியாமல் போயிற்று. பெரியவரின் வீட்டில் நாங்கள் முதலில் தூக்கிய பொருள் குர்ஆன் ஷரீஃப், அடுத்து அரிசி மூட்டை, அதற்கடுத்து அவரையே கட்டிலோடு. மாடியில் உட்கார வைத்தபோது, "வைகையில் தண்ணீர் வந்துவிட்டதா?" என்று கேட்டார். வைகை அல்ல. வெள்ளம் என்றால் ஆற்றிலிருந்து வருவது என்றே நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். இது வானத்திலிருந்து நேரே தெருவுக்கு வந்த வெள்ளம்.

ஆற்று வெள்ளமாக இருந்தால் அது சொல்லிவிட்டு வரும். இதை மாணவர்கள் கண்ணால் காணட்டும் என்று, பிறிதொரு விடுமுறையில் அவர்களை வைகை அணைக்கு அழைத்துச் சென்றேன். செக்கானூரணி, உசிலம்பட்டி கடந்து ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது, மழை மறைவுப் பிரதேசம் என்றால் என்ன என்பதைப் பாடநூல் இல்லாமலே விளக்கிவிடலாம். இருபுறமும் மானாவாரிக் காடுகள். எதிரே தொலைவில் மேகம் சூடிய மலைகள். 1959ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டினால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. ஆற்றங்கரையின் ஐந்து மாவட்டங்களுக்கும் தகவல் பறந்துவிடும். மதுரைக்கு அங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். எனவே யானைக்கல் தரைப்பாலத்தில் நிற்பவருக்கு ஒதுங்க நேரம் கிடைக்கிறது. இன்னும் சொல்லப்போனால், ஆனி ஆடியில் கேரள மலைகளில் பெய்யும் மழை 1895ஆம் ஆண்டு முதல் முல்லைப்பெரியாற்றுச் சுரங்கம் வழியே கிழக்கே திரும்பி, கள்ளந்திரி வரை இருபோகமும் அதற்கப்பால் மேலூர்ப் பகுதிக்கு ஒருபோகமும் விளைவிக்கிறது. பிறர் வீட்டு மழையைக் கால்வாயில் வாங்கிக் குடிக்கும் நமக்கு, அந்த மழையின் கணக்கு வாரங்களுக்கு முன்பே தெரிந்துவிடும். நம் தலைக்கு மேல் நிற்கும் முகிலின் கணக்குதான் இரண்டு மணி நேரத்திற்கு முன்னும் தெரிவதில்லை.

கார்த்திகை மாதம் மட்டும் ஒரு சலுகை தருகிறது. அப்போது காற்று கிழக்கிலிருந்து வருவதால், நம்மை நனைக்கும் மேகம் பெரும்பாலும் முதலில் இலங்கையை நனைத்துவிட்டே வரும். என் நன்னா இதை எந்தப் பள்ளியிலும் படித்தவரல்லர். இளமையில் கொழும்பில் கடையில் நின்றவர். என் சிறுவயதில் இலங்கை வானொலியை விடாமல் கேட்பார். நாங்கள் பாட்டுக்காகக் காத்திருப்போம், அவர் செய்தி அறிக்கைக்காகக் காத்திருப்பார். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கடும் மழை என்று சொன்னால் போதும், "நாளை அல்லது மறுநாள் நமக்கு. விறகை உள்ளே எடுத்து வையுங்கள்" என்பார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும் இலங்கையைக் கடந்துதானே வந்தது!

நன்னாவின் கணக்கும் எப்போதும் பலிக்காது. 2020 டிசம்பர் 2 அன்று திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவிப் புயல், மன்னார் வளைகுடாவுக்குள் வந்து, இராமநாதபுரத்தை நெருங்கியதும் நகராமல் நின்று வலுவிழந்தது. தென்மாவட்டங்கள் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்க, பெருமழையோ கடலூர், சிதம்பரம் பக்கம் கொட்டியது. 2023 டிசம்பரில் நேர்மாறாக நடந்தது. வானிலைத் துறையின் உச்ச எச்சரிக்கையாகிய சிவப்பு என்பதே ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடும் என்பதுதான். காயல்பட்டினத்தில் அம்மாதம் 18ஆம் நாள் காலையில் அளந்தபோது, முந்தைய 24 மணி நேரத்திற்கு 95 சென்டிமீட்டர் இருந்தது. மதுரையின் ஓராண்டு மழையையும் விஞ்சியது! அந்த ஊரில் உறவினர் இல்லாத முஸ்லிம் குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. அன்றிரவு தொலைபேசி கிடைக்காமல் தவித்தவர்களில் இதைப் படிக்கும் உங்களில் சிலரும் இருப்பீர்கள்.

வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார்: "மழை எப்போது வரும் என்பது மறைவான ஞானம் என்று ஓதித் தருகிறீர்களே ஹஜ்ரத், நீங்களே காலையில் செல்லைப் பார்க்கலாமா?" நல்ல கேள்வி. நாடியைப் பார்த்து, "இரவு காய்ச்சல் ஏறலாம்" என்று கூறும் மருத்துவர் மறைவானதை அறிந்தவராக உரிமை கொண்டாடவில்லை, கண்ட அடையாளங்களைக் கொண்டு மதிப்பிடுகிறார், இதுவும் அவ்வாறே என்று பதில் சொன்னேன். 'பெய்யும்' என்று எழுதாமல் 'பெய்யக்கூடும்' என்று எழுதுகிறார்களே, அந்த ஒரு சொல்லில் இருக்கும் அடக்கம் நம்மில் பலருடைய பேச்சில் இல்லை என்றும் சொன்னேன். தட்டான் தாழப் பறப்பதைப் பார்த்துத் தார்ப்பாயைத் தேடும் உழவரையும் நான் இகழ்வதில்லை. அவர் ஒரு மணி நேரத்திற்கு முன்பு அறிகிறார். ராடாரும் அவரைவிட அதிகம் முந்துவதில்லை.

இப்போதெல்லாம் காலையில் மாவட்ட அறிக்கையைப் பார்ப்பதோடு நான் நிறுத்திக்கொள்வதில்லை. பிற்பகலில், அடுத்த மூன்று மணி நேரத்திற்கென்று சென்னை மண்டல மையம் வெளியிடும் அறிவிப்பையும் பார்க்கிறேன். வயலில் நிற்பவர்களுக்கு இடி மின்னலை எச்சரிக்கும் 'தாமினி' செயலியை, செல்பேசி வைத்திருக்கும் பெற்றோர் சிலருக்கு நானே இறக்கிக் கொடுத்திருக்கிறேன். 

சென்ற ஐப்பசியில் சோழவந்தானிலிருந்து மீண்டும் அழைப்பு வந்தது. அதே தந்தையார்தாம். அதே கேள்வி. என்னிடமே மறுபடியும் கேட்டாரே என்பதில் எனக்கு நெஞ்சம் நிறைந்துவிட்டது. அறிக்கையிலும் அதே வாசகம்: ஓரிரு இடங்களில். "பாய், அந்த ஓரிடம் உங்கள் களமாகவும் இருக்கலாம். ளுஹர் வரை காயட்டும். இரண்டு மணிக்கு மேல் தெற்கே நாகமலைப் பக்கம் ஒரு கண் வைத்திருங்கள். கறுக்கத் தொடங்கினால் என்னைக் கேட்க வேண்டாம், குவித்து மூடிவிடுங்கள்" என்றேன். அவர் மூன்று மணிக்கே மூடிவிட்டாராம். அன்று சோழவந்தானில் ஒரு துளியும் விழவில்லை. எங்கள் தெருவில்தான் இருபது நிமிடம் கொட்டியது. மாடியில் காய்ந்துகொண்டிருந்த என் ஜிப்பாக்கள் அத்தனையும் நனைந்துவிட்டன.