எங்க வீட்ல நான் 71-வது பிள்ளை!

உங்க வீட்ல நீங்க எத்தனாவது பிள்ளை? ஒண்ணு, ரெண்டு, மிஞ்சிப் போனா மூணு. நான் 71-வது! பேராவூரணி பக்கம் எங்க ஊருக்கு வந்து பாருங்க. தென்னங்கன்னுன்னு சொல்ல மாட்டாங்க, 'தென்னம்பிள்ளை'தான். தாத்தாவுக்கு ஒரு ஏக்கர்ல 70 பிள்ளைங்க. அப்புறம்தான் நாங்கள்லாம்.

'தஞ்சாவூரா? அப்போ வீடு பூரா நெல் மூட்டையா?'ன்னு ஹாஸ்டல்ல கேக்குறாங்க. பாஸ், மாவட்டத்தோட தெற்குக் கோடி வேற உலகம். 1934-ல மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் வந்த பிறகுதான் எங்க பக்கம் காவிரித் தண்ணியே எட்டிப் பார்த்துச்சு. அதுலயும் நாங்க கடைமடை. வந்தா வரும். அதை நம்பி நெல்லு போடுறதுக்கு, போர் போட்டுத் தென்னை வைக்கலாம்னு நிறைய பேர் மாறிட்டாங்க. 45 நாளைக்கு ஒரு வெட்டு. காய் போட்ட வாரம் மளிகைக் கடை பாக்கி தீரும். அக்காவோட காலேஜ் ஃபீஸும் அப்படித்தான் கட்டினோம். கீத்து முடைஞ்சு வித்த காசு மட்டும் அப்பாயிக்கு. (அந்த சுருக்குப்பையில யாரும் கை வைக்க முடியாது!)

2018 நவம்பர் 16. விடியறதுக்கு முன்னாடி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துச்சு. காலைல கதவைத் திறந்தா, தோப்பு இருந்த இடத்துல வானம் தெரியுது. 62 மரம் கீழ கிடக்குது. சிலது வேரோட, சிலது பாதியில முறிஞ்சு.

உண்மையைச் சொல்லிடுறேன். நான் அப்போ எட்டாவது. எனக்கு ஜாலியா இருந்துச்சு. ஸ்கூல் லீவு, கரன்ட் இல்ல, ஹோம்வொர்க் இல்ல. விழுந்த மரத்து மேல ஏறித் தாவித் தாவி விளையாடினேன். திரும்பினா தாத்தா நிக்கிறார். "அதுல ஏறாதடா தம்பி, உங்க அப்பன் பொறந்த வருஷம் வச்சது"ன்னார். அவ்வளவுதான். அடிச்சிருந்தா மறந்திருப்பேன்.

நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய். மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. எங்களுக்கும் வந்துச்சு, இல்லன்னு சொல்லலை. ஆனா இன்ஜினீயரிங் பையனாச்சே, ஒருநாள் கணக்குப் போட்டேன். நல்ல மரம் வருஷத்துக்கு 100 காய் காய்க்கும். காய் 10 ரூபாய்னு வச்சாலே 1,000 ரூபாய். ஆக, கிடைச்சது ஒரு வருஷக் காய்க்கு. புதுசா வைக்கிற நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். பாக்கி வருஷங்களை எந்த ஃபாரத்துல எழுதுறது?

அப்பா குட்டை ரகம் வைக்கலாம்னார். மூணு, நாலு வருஷத்துல காய்ச்சிடும், கடன் கழுத்துல நிக்குது. தாத்தா நெட்டைதான்னு பிடிவாதம். அது 60 வருஷம் தாண்டியும் நிக்கும். "உனக்குக் கடன் அடையணும், சரி. இவனுக்கு?"ன்னு என்னைக் கை காட்டினார். ரெண்டு நாள் வீட்ல பேச்சுவார்த்தையே இல்ல. கடைசில தாத்தா ஜெயிச்சார். அப்பா திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிட்டார்.

2019 ஆடியில மூணடிக்கு மூணடி குழி. பாதி நான் தோண்டினது. அடியில ஆத்து மணலும் உப்பும் போட்டு, பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி வைப்பார் தாத்தா. மட்கின மரத்துலேர்ந்து காண்டாமிருக வண்டு கிளம்பி குருத்தைத் தின்னும். கம்பியால குத்தி எடுத்தா வண்டுக்கு ஒரு ரூபாய். என்னோட முதல் சம்பளம் அதுதான்!

போன மாசம் லீவுல போனேன். பாளை விட ஆரம்பிச்சிருக்கு. தாத்தாவுக்கு இப்போ கண் சரியா தெரியலை. என்னை எண்ணச் சொன்னார். "ஒன்பது தாத்தா." "பத்து. போர் செட்டுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கும், போய்ப் பாரு." இருந்துச்சு.

போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் கழிச்சு போன் பண்ணார். எப்போ ஊருக்கு வர்றீங்கன்னு கேட்டேன்.

"காய் நிக்கட்டும்டா, பார்ப்போம்"னார்.