நால்வரும் நடைப்பிணங்களும்

நடைப்பிணம் என்ற சொல்லை நம் பாட்டிமார் எவ்வளவு தாராளமாக வழங்கிவிட்டார்கள்! பரீட்சைக்கு முந்திய இரவு கண்விழித்தவன் நடைப்பிணம்; கடன் வாங்கியவன் நடைப்பிணம்; மெஸ் சாப்பாட்டைப் பார்த்துவிட்டுப் பட்டினி கிடப்பவனும் நடைப்பிணந்தான். அச்சொல்லுக்கு முழு உரிமையுடைய ஆசாமிகள் கூட்டங்கூட்டமாக ஓடிவருவதை நான் கண்டது இந்தத் தில்லியில், எங்கள் விடுதியின் இரண்டாம் மாடியில். கணினித் திரையில்தான் கண்டேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சங்கத் தலைவர் பயந்துபோவார்.

ஆட்டத்தின் பெயர் 'லெப்ட் 4 டெட் 2'. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2009 நவம்பரில் வெளியிட்டது; அதற்குச் சரியாக ஓராண்டு முன்னால் முதற்பாகம் வந்தது. பழைய ஆட்டந்தான். ஆனால் அண்ணனிடமிருந்து தம்பிக்கு வந்த பழைய மடிக்கணினியிலும் அது முனகாமல் ஓடும். எங்கள் விடுதியில் அது சிரஞ்சீவியாக இருப்பதற்கு அந்த ஒரு குணம் போதும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒரு கொள்ளைநோய் பரவி, மனிதர்கள் வெறிபிடித்து அலைகிறார்கள். நோய் தொற்றாத நால்வர் சவானா நகரில் தொடங்கி நியூ ஆர்லியன்ஸ் வரை தப்பித்துப் போகவேண்டும். கதை அவ்வளவே. உண்மையில் அவை பிணங்கள் அல்ல, நோயாளிகள். ஆனால் ஓடிவரும் வேகத்தைப் பார்த்தால் அந்த நுட்பமெல்லாம் ஞாபகம் வராது.

நால்வர் என்றவுடன் சைவப் பெரியோரை நினைத்துக் கைகூப்பிவிடாதீர்கள். இந்த நால்வரில் முதல்வர் மதுரை அண்ணன், ஆராய்ச்சி மாணவர், என் அறைத்தோழர். அடுத்தவர் திருச்சி நண்பர். மூன்றாமவன் நாகர்கோவிலிலிருந்து வந்த முதலாண்டுத் தம்பி. மூன்றாம் மாடியில் இருந்தான். நான்காமவன் அடியேன். தம்பிக்கு இந்தி தெரியாது. ஆங்கிலம் தெரியும், ஆனால் தொண்டையைத் தாண்டாது. வந்த புதிதில் மூன்று மாதம் அவன் பேசியதை எல்லாம் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். விலாசத்துக்கும் இடம் மிஞ்சும்.

அவனை உத்தேசித்துத்தான் எதிரிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தோம். சாதாரண நடைப்பிணங்களுக்குப் பெயர் வேண்டியதில்லை, அவை கும்பல். அவற்றுக்கிடையே தனித்தனி வித்தை கற்ற சில பேர்வழிகள் வருவார்கள். ஸ்மோக்கர், ஹண்டர், ஜாக்கி, சார்ஜர் என்று ஆட்டம் சூட்டிய பெயர்கள் நெருக்கடியில் எங்கள் நாக்கில் புரளவில்லை. ஆகவே நாமகரணம் நடந்தது. இருமிக்கொண்டே மறைந்து நின்று, நீளமான நாக்கை வீசி ஆளைச் சுருட்டி இழுப்பவர் பீடித்தாத்தா. இருட்டில் உறுமிக் கூரையிலிருந்து பாய்ந்து மார்பின்மேல் ஏறி அமர்ந்து கிழிப்பவன் கடுவன். ஒரு கை மட்டும் பனைமரம்போல் பருத்து, நேர்கோட்டில் ஓடிவந்து ஒருவனை அள்ளிக்கொண்டு போய்த் தரையில் அறைபவன் காளை. பச்சைத் திராவகத்தைத் துப்பித் தரையையே கொதிக்க வைப்பவள் எச்சில்காரி.

இவர்களில் என் மதிப்புக்கு உரியவர் இருவர். ஒருவன் குண்டோதரன், ஆங்கிலத்தில் பூமர். மீனாட்சி கல்யாணத்தில் சோற்று மலையை விழுங்கியவனின் பெயரை மதுரைக்காரர் தவிர வேறு யார் வைப்பார்? இவன் விழுங்கமாட்டான், வாந்தி எடுப்பான். அது யார்மேல் பட்டதோ அவனுக்குக் கண் மறைந்துபோகும். வாடை பிடித்துக் கும்பல் முழுவதும் அவனை நோக்கி ஓடிவரும். நம் உயிர்க்கணக்கு 100 என்றால் குண்டோதரனுக்கு 50தான். சில தோட்டாக்களே போதும், வெடித்துவிடுவான். வெடிக்கும்போது பக்கத்தில் இருந்தால் அதே அபிஷேகம். அவனைக் கொல்வது எளிது. எங்கே கொல்வது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. துப்பாக்கிக் கட்டையால் நெஞ்சில் தள்ளிவிட்டு, நாலடி பின்வாங்கி, பிறகு சுடவேண்டும். அவசரக்காரருக்கு இந்த நாலடி வராது. திருச்சி நண்பருக்கு இன்றுவரை வரவில்லை.

மற்றவன் வேதாளம், அதாவது ஜாக்கி. விக்கிரமாதித்தன் தோளில் ஏறிய வேதாளமாவது கதை சொல்லிற்று. இது சிரிக்கும். தோளில் ஏறிக்கொண்டு, நம் கால்களாலேயே நம்மை நடத்திக்கொண்டு, எங்கே நெருப்பு எரிகிறது, எங்கே மாடி விளிம்பு என்று பார்த்துக் கூட்டிப்போகும். கையில் நிறைந்த துப்பாக்கி இருந்தும் பயனில்லை.

இந்த இடத்தில்தான் ஆட்டத்தின் அடிப்படைச் சட்டம் வருகிறது. கடுவனோ, காளையோ, வேதாளமோ பிடித்துவிட்டால், பீடித்தாத்தா இழுத்து முடித்துவிட்டால், அகப்பட்டவன் தன்னைத்தானே விடுவித்துக்கொள்ள முடியாது. எத்தனை கெட்டிக்காரனாயினும் முடியாது. இன்னொருவன் வந்து சுடவேண்டும், அல்லது தள்ளிவிடவேண்டும். ஆகவே எல்லோரும் ஒட்டிக்கொண்டே நடந்தால் என்ன என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் ஆரம்பத்தில் நடந்தோம், பெண் பார்க்கப் போகும் கூட்டம்போல. எச்சில்காரி ஒரே துப்பில் நால்வரையும் வேகவைத்தாள். அதில் நிற்கும் ஒவ்வொரு நொடிக்கும் எரிச்சல் ஏறிக்கொண்டே போகும். காளை ஒருவனை அள்ளும் வேகத்தில் மற்ற மூவரையும் கோலிக்குண்டாகச் சிதறடித்தான்.

பிரிந்து போனவனைப் பிடிக்க ஒரு கூட்டம். நெருங்கி நிற்பவர்களை அடிக்க ஒரு கூட்டம். இரண்டையும் ஒன்றாக அனுப்பிய மூளையை நான் மெச்சுகிறேன். நெருப்பில் குளிர்காய்பவர் காக்கும் தூரத்தை, அரசரோடு பழகுவோருக்கு வள்ளுவர் சொன்னார். எங்களுக்குச் சொல்ல ஓர் எச்சில்காரி வந்தாள். போதாக்குறைக்கு 'டைரக்டர்' என்று ஒரு நிரல் மறைவில் இருக்கிறது. ஆடுகிறவர்கள் எவ்வளவு திணறுகிறார்கள் என்று அது கணக்குப் பார்க்கும். பெரிய சண்டைக்குப் பின் சற்று மூச்சுவிட இடம் தரும். தெம்பு வந்தது தெரிந்தால் அடுத்த படையை ஏவும். நேற்று கடுவன் வந்த சந்தில் இன்று அவன் வரமாட்டான். மனப்பாடம் செய்து தேறும் நம் வித்தை இங்கே பலிக்காது.

நீலியைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆங்கிலத்தில் விட்ச். எங்கோ மூலையில் தலைகவிழ்ந்து அமர்ந்து அழுதுகொண்டிருப்பாள். பழையனூர் நீலியின் கண்ணீர் ஏமாற்றுக் கண்ணீர். இவளுடைய அழுகையில் கபடம் இல்லை. கைவிளக்கை அணைத்துவிட்டு, சுடாமல், எட்டி நடந்து போய்விட்டால் ஒன்றும் செய்யமாட்டாள். விளக்கை முகத்தில் அடித்தாலோ, நெருங்கி நின்றாலோ எழுந்து ஓடிவந்து ஒரே அறையில் வீழ்த்திவிடுவாள். 'ஹார்ட் ரெயின்' என்னும் பகுதியில் பாழடைந்த சர்க்கரை ஆலை ஒன்று உண்டு. ஆலை முழுவதும் நீலிகள். நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு குண்டு வீணாக்காமல் அதைக் கடந்த இரவுக்கு, பகாசுரனை வென்ற இரவுகள் ஈடாகா. பகாசுரன் என்றது டாங்க் எனப்படும் மலை மனிதனை. நார்மல் தரத்தில் அவனுக்கு 4000 உயிர்க்கணக்கு. பெட்ரோல் புட்டியை எறிந்துவிட்டு ஓடவேண்டியதுதான்; அவனைப் பற்றி வேறு என்ன இருக்கிறது?

'ரியலிசம்' என்று ஒரு முறை உண்டு. சாதாரணமாகத் தோழர்களின் உருவக் கோடு சுவருக்கு அப்பாலிருந்தும் ஒளிவிட்டுத் தெரியும். யார் எங்கே அகப்பட்டான் என்று கண்டுகொள்ளலாம். ரியலிசத்தில் அந்த ஒளி இல்லை. அகப்பட்டவனின் பாத்திரம் தானே அலறும். ஆனால் எங்கே என்று சொல்லாது. ஆடுகிறவன்தான் வாய் திறந்து சொல்லவேண்டும். தம்பி சொல்லமாட்டான். கடுவன் அவன் மார்பைக் கிழித்துக்கொண்டிருப்பான், ஒலிவாங்கியில் மௌனம். அண்ணன் கோபிக்கவில்லை, இரண்டு சட்டம் போட்டார். அகப்பட்டவன் இடத்தைச் சொல்லவேண்டும். எழுந்து போகிறவன் "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். இரண்டாவது சட்டத்தைத் தம்பி பக்தியோடு கடைப்பிடித்தான். தண்ணீர் குடிக்கப் போனாலும் "போறேண்ணே" என்பான்.

2024 அக்டோபரில் ஓரிரவு. அதே சர்க்கரை ஆலை. தம்பியின் பாத்திரம் திடீரென்று இயந்திரம்போல் நடக்கத் தொடங்கிற்று. ஆள் அசையாமல் இருந்தால் கணினியே அவன் இடத்தில் ஆடும், அது வழக்கந்தான். அண்ணன் காதுக்கருவியைக் கழற்றினார்.

"டேய், சொல்லாமப் போகமாட்டானே அவன்."

நீலி அழுவது கேட்கக் கேட்க மடிக்கணினிகளை அப்படியே விட்டுவிட்டு மூன்றாம் மாடிக்கு ஓடினோம். கதவு தாழிடவில்லை. தம்பி மேசைமேல் தலைசாய்த்துக் கிடந்தான், தொட்டால் சுட்டது. மூன்று நாளாகக் காய்ச்சலாம். "சொன்னா உங்களுக்குத் தொந்தரவுதானேண்ணே" என்றான். ஆட்டோவில் நடுவே உட்காரவைத்து இருபுறமும் பிடித்துக்கொண்டு போனோம். டெங்கு, தட்டணுக்கள் வெகுவாக இறங்கியிருந்தன. இன்னும் ஒருநாள் போயிருந்தால் என்று மருத்துவர் தொடங்கினார். அண்ணன் அந்த வாக்கியத்தை முடிக்கவிடவில்லை.

ஆறு நாள் ஆஸ்பத்திரி. இரவில் திருச்சி நண்பர் காவல்; பகலில் நான் கஞ்சி. எங்கள் மெஸ் சமையற்காரர் பீகார்காரர். அரிசியைக் குழையவிட வேண்டும் என்று விளக்க எங்கள் மூவரின் இந்தியும் சேர்ந்தும் போதவில்லை. சோறு என்றால் உதிர உதிர இருப்பதே தம் தொழில் மானம் என்று அவர் நம்பியிருந்தார். மூன்றாம் நாள் கரண்டியை என்னிடமே கொடுத்துவிட்டார்.

தம்பி தேறி வந்தான். முன்னைவிட அதிகம் பேசுகிறான் என்று சொல்லமாட்டேன். ஆனால் பீடித்தாத்தா சுருட்டினால், "அண்ணே, படிக்கட்டுக்குக் கீழே, இடப்பக்கம்!" என்று மாடி முழுவதும் கேட்கக் கத்துகிறான். இருமல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடிப்பவனும் அவனே. காது அப்படி.

வரும் மே மாதத்தில் மதுரை அண்ணன் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறார். நான்காவது இடம் காலியாகிறது. கணினியைக் கொண்டு நிரப்பலாம். ஆனால் அது பெட்ரோல் புட்டி எறியாது, "போறேன்" என்றும் சொல்லாது. விருப்பமுள்ள சங்க உறுப்பினர்கள் இரவு உணவுக்குப் பின் இரண்டாம் மாடிக்கு வரலாம். சுடத் தெரியவேண்டும் என்பதில்லை. குண்டோதரனைக் கண்டால் நாலடி பின்வாங்கத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை என்று திருச்சி நண்பர் சொல்லச் சொன்னார்.