சித்திக்கு ஒரு 'பெட்' ஸ்கேன்!

டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் பேப்பர்ல 'ஆண்ட் கேட்' படிச்சது ஞாபகம் இருக்கா? ரெண்டு இன்புட்டும் சேர்ந்து வந்தாத்தான் அவுட்புட். ரெண்டு மார்க் கேள்வியா மட்டுமே எனக்குப் பழக்கமான அந்த கேட், நூம்பல்ல இருக்கிற எங்க சித்தியோட வைத்தியத்துல வந்து நிற்கும்னு நான் நினைச்சதே இல்லை.

சித்திக்கு வயசு 46. பயாப்ஸியில கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்னு தெரிஞ்சதும், டாக்டர் எழுதிக் கொடுத்தது பெட்-சி.டி. ஸ்கேன். "எதுக்குடா பெட்டு? இப்பவே அட்மிட் பண்ணிடுவாங்களா?"ன்னு சித்தி பயந்துட்டாங்க. "அந்த பெட் இல்ல சித்தி, பாசிட்ரான் எமிஷன் டோமோகிராஃபி"ன்னு நான் விளக்கினதுல பயம் டபுள் ஆனதுதான் மிச்சம்!

விஷயம் இதுதான். புற்றுநோய் செல்கள் பெரும்பாலும் சர்க்கரையை அளவுக்கு மீறி இழுக்கும். அதனால ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்க அணுவை ஒட்டவெச்ச ஒருவகை குளுக்கோஸை ஊசியில ஏத்தி, சுமார் ஒரு மணி நேரம் அமைதியா படுக்க வைக்கிறாங்க. அதுல இருந்து வர்ற பாசிட்ரான், பக்கத்துல இருக்கிற எலெக்ட்ரானோட மோத, ரெண்டு ஃபோட்டான்கள் எதிரெதிர் திசையில பறக்கும். சுத்தியிருக்கிற டிடெக்டர் வளையத்துல ரெண்டும் சில நானோ செகண்டுக்குள்ள பதிவானாத்தான் மெஷின் கணக்குல எடுத்துக்கும். சாட்சாத் நம்ம ஆண்ட் கேட்!

ஆனா பெட் மட்டும் எடுத்தா வெளிச்சப் புள்ளி தெரியுமே தவிர, அது எந்த இடம்னு துல்லியமா பிடிபடாது. சி.டி. மட்டும் எடுத்தா இடம் தெரியும். அங்கே என்ன நடக்குதுன்னு தெரியாது. ரெண்டையும் ஒரே மெஷின்ல சேர்த்தவங்க டேவிட் டவுன்சென்ட், ரொனால்ட் நட் கூட்டணி. 1998-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதல் மாடல் வேலை செய்ய ஆரம்பிச்சது.

இன்னொரு சுவாரஸ்யம்... ஃப்ளூரின்-18 சுமார் 110 நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகிடும். சைக்ளோட்ரானில் தயாரானதும் வண்டி பறக்கணும். பூந்தமல்லி ஹைரோடு டிராஃபிக்கை நினைச்சுப் பாருங்க!

ஸ்கேன் அன்னிக்கு ஃபார்ம் நிரப்பினது நான்தான். 'கடைசியாக மாதவிடாய் வந்த தேதி?' சித்தி தரையைப் பார்த்தாங்க. சித்தப்பா தண்ணி பிடிக்கப் போயிட்டார். நர்ஸ் அக்காதான் பொறுமையா சொன்னாங்க. மாதவிடாய் சுழற்சியில சில நாட்கள்ல கர்ப்பப்பையும் சினைப்பையும் இயல்பாவே அந்த மருந்தை இழுக்குமாம். தேதி தெரியலைன்னா, இயல்பானதைக்கூட நோய்னு எடுத்துக்க வாய்ப்பு இருக்கு. மருந்து சிறுநீர்ல வெளியேறுறதால, கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்துலயே இருக்கிற சிறுநீர்ப்பையும் பளிச்சுனு தெரியும். ஸ்கேனுக்கு முன்னாடி பாத்ரூம் அனுப்புறது அதுக்குத்தான்.

சித்தி மெதுவா வாயைத் திறந்தாங்க. "தேதியெல்லாம் எங்கம்மா... ஆறு மாசமா நடுநடுவுல பட்டுக்கிட்டேதான் இருக்கு." அந்த ஆறு மாசக் கணக்கு சித்தப்பாவுக்கே அன்னிக்குத்தான் தெரியும்.

ரிப்போர்ட்ல இடுப்புப் பகுதியில ரெண்டு நெறிக்கட்டிகள் ஒளிர்ந்தன. மகா தமனி ஓரத்துல எதுவும் இல்லை. அதுதான் ஆறுதல். அங்கேயும் பரவியிருந்தா கதிர்வீச்சோட எல்லையை இன்னும் மேலே நீட்டணும். சர்வதேச மகளிர் மருத்துவ அமைப்பான 'ஃபீகோ', ஸ்கேன்ல தெரியுற நெறிக்கட்டியையும் வெச்சு நோயோட நிலையை முடிவு பண்ணலாம்னு 2018-ல்தான் மாத்தியது. அந்தக் கணக்குப்படி சித்திக்கு மூணாம் நிலை. ஆபரேஷன் இல்லை; 25 நாள் கதிர்வீச்சு, கூடவே வாரம் ஒரு கீமோ, அப்புறம் உள்கதிர்வீச்சு.

மெஷின் தன் வேலையைச் சரியா செஞ்சிடுச்சு. ஆனா போன ஆறு மாசத்தை எந்த மெஷினும் திருப்பித் தராது. இத்தனைக்கும் நம்ம திண்டுக்கல் மாவட்டத்துல 30 முதல் 59 வயசுப் பெண்களுக்கு, வினிகர்ல இருக்கிற அதே அசிட்டிக் அமிலத்தை கர்ப்பப்பை வாயில தடவிப் பார்க்கிற சோதனையைச் செஞ்சாங்க. இந்த நோயால வர்ற மரணம் 35 சதவிகிதம் குறைஞ்சதுன்னு 2007-ல் 'லான்செட்' மருத்துவ இதழ்ல முடிவு வந்தது. கோடி ரூபாய் மெஷின் தேவையே படாத கட்டத்துலயே பிடிச்சிடலாம். அதுக்கு, வீட்டுல யாராவது வாயைத் திறந்து கேட்கணும்.

போன வாரம் அம்மாவைக் கூட்டிட்டுப் போய் டெஸ்ட் எடுத்தாச்சு. நார்மல். உங்க வீட்டுல கேட்டாச்சா?