எங்க வீட்டுக் குறும்படம்

எங்க ஊர்ல 'ஏலம் எப்படிப் போச்சு?'ன்னு யாராவது கேட்டா வெளியூர்க்காரர் திருதிருன்னு முழிப்பார். காயைக் கேட்கிறாங்களா, கூவி விற்கிறதைக் கேட்கிறாங்களா? போடிநாயக்கனூரில் இரண்டும் ஒண்ணுதான். ஏலத்தை ஏலம் விடுற ஊர் சார் இது. இப்போ கூவுறதெல்லாம் போய் கம்ப்யூட்டர் வந்தாச்சு. ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் நடக்கிறது.

கம்ப்யூட்டர் வந்தாலும் ஒரு விஷயம் மாறலை. வியாபாரிக்கு முழு மூட்டையையும் கொட்டிக் காட்ட மாட்டார்கள். ஒரு கை சாம்பிள், அவ்வளவுதான். அவர் நிறம் பார்ப்பார், பருமன் பார்ப்பார், ஒண்ணை உரித்து வாயில் போடுவார். அதை வைத்து மூட்டைக்கே விலை சொல்லிவிடுவார்.

நான் சொல்ல வந்தது ஏலக்காய் பற்றி இல்லை. பிக் பாஸ் பற்றி. ஓடிப் போயிடாதீங்க, சம்பந்தம் இருக்கு.

1999-ல் ஹாலந்து நாட்டில் ஜான் டி மோல் என்ற தயாரிப்பாளர், சில பேரை ஒரு வீட்டில் போட்டுப் பூட்டி, சுற்றிலும் கேமரா வைத்து, 'பிக் பிரதர்' என்று பெயர் வைத்தார். பெயர் ஜார்ஜ் ஆர்வெல் நாவலில் இருந்து சுட்டது. அது ஊர் ஊராகப் பரவி 2006-ல் இந்திக்கு 'பிக் பாஸ்' ஆக வந்தது. 2017 ஜூன் 25-ம் தேதி விஜய் டி.வி. மூலம் தமிழுக்கு வந்தது. தொகுத்து வழங்கியவர் கமல்ஹாசன். நூறு நாள். போன் இல்லை, பேப்பர் இல்லை, கடிகாரம் கூட இல்லை. 24 மணி நேரம் படம் பிடித்து, நமக்கு ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரம் காட்டுவார்கள். அதாவது சாம்பிள். ஏல சென்டருக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், சென்டரில் மூட்டைக்குள் கைவிட்டு வந்ததை எடுப்பார்கள். டி.வி.யில் வெடித்த காயாகப் பார்த்துப் பொறுக்குவார்கள்!

முதல் ஸீஸனில் எங்க வீடே ஓவியா கட்சி. அம்மா, அண்ணன், பிரசவத்துக்கு வந்திருந்த தங்கச்சி, நான்... எல்லாரும். கூகுளில் ஓட்டுப் போடும் பொறுப்பு என்னுடையது. (பி.காம். படித்ததற்கு வீட்டில் கிடைத்த ஒரே மரியாதை.) அம்மாவின் பேரில் ஒரு இ-மெயில், தங்கச்சி பேரில் ஒண்ணு, பிறக்காத குழந்தைக்கும் ஒண்ணு ஆரம்பிக்கலாமா என்று யோசித்தேன்.

அந்த வீட்டில் சிலர் ஒண்ணா சேர்ந்துகொண்டு ஓவியாவை ஒதுக்கினார்கள். அவர் வந்தால் பேச்சு நிற்கும். போனால் ஆரம்பிக்கும். அம்மா கொதித்துப் போவாள். "ஒத்தப் புள்ளைய இத்தன பேரு சேந்து இப்பிடிப் பண்றாளுகளே, வெளங்குவாளுகளா?" ஓவியா திருச்சூர்க்காரர். அந்த மலையாள வாடை அடிக்கும் தமிழ் அம்மாவுக்கு அவ்வளவு பிடிக்கும். "பேசுறது கிளி மாதிரி இருக்குல்ல?"

இந்த இடத்தில் எங்க மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மதினி பூப்பாறைப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். தமிழ்க் குடும்பம்தான். படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். அண்ணனுக்கு ஜீப் தொழில், விடியற்காலையில் மலை வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவன். அந்தப் போக்குவரத்தில் பார்த்துப் பிடித்து, 2016-ல் கட்டிக்கொண்டு வந்தான். மதினி டீயை 'சாயா' என்பார். சோறு போடும்போது போதுமா என்பதற்குப் பதிலா 'மதியா?' என்பார். அம்மாவும் தங்கச்சியும் அடுப்படியில் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். மதினி உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். போனால் ஆரம்பிக்கும்.

என்ன, எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? உங்களுக்கு ரெண்டு பாராவில் புரிந்தது எங்களுக்கு ஒரு மாதம் ஆகியும் புரியலை சார். கிளி டி.வி.யில் பேசினால் கிளி. அடுப்படியில் பேசினால் 'மலையாளத்துக்காரி'.

அந்த ஜூலையில் பீரோவில் சேலைக்கு அடியில் அம்மா வைத்திருந்த 2,000 ரூபாய் நோட்டு காணாமல் போனது. பணமதிப்பு நீக்கத்துக்கு அப்புறம் வந்ததே, அந்த ரோஸ் நோட்டு. வீடே புரட்டப்பட்டது. யாரும் வாயைத் திறந்து எதுவும் சொல்லலை. ஆனால் அன்றிலிருந்து பீரோ சாவி அம்மாவின் இடுப்புக்குப் போனது. மதினி ஹாலுக்கு வந்தால் தங்கச்சி தன் பையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். அதுக்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

நோட்டை எடுத்தது நான்.

ஷூ வாங்கினேன். சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம் என்றுதான். 'நான்தான் எடுத்தேன்' என்று சொல்ல ரெண்டு செகண்ட் ஆகும். முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். ரெண்டாம் நாள் சொன்னால் 'நேத்து ஏண்டா சொல்லலை?' என்பார்கள். மூணாம் நாள் சொல்லவே முடியாது. பொய் சொல்கிறவனைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டே பொய் சொல்கிறவனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

சம்பளம் வந்தது. நாலு 500 ரூபாய் நோட்டை அதே சேலைக்கு அடியில் நைஸாக வைத்தேன். பெரிய மூளை என்று எனக்கே ஒரு சந்தோஷம். மறுநாள் அம்மா பார்த்துவிட்டு தங்கச்சியிடம் சொன்னாள்: "ஒத்த நோட்ட எடுத்துச் செலவழிச்சிட்டு, பயந்து போயி நாலு நோட்டா வச்சிருக்கா பாரு!"

போச்சு. அதுவரை சந்தேகம். நான் பணத்தை வைத்ததும் அது சாட்சியோடு நிரூபணம் ஆகிவிட்டது. மதினி ரெண்டு துணியை எடுத்துக்கொண்டு 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை' என்று பூப்பாறைக்குக் கிளம்பினார். அண்ணன் ஜீப்பில் கொண்டு போய் விட்டுவிட்டு வந்து, யாரோடும் பேசாமல் படுத்துக்கொண்டான்.

அந்த ஸீஸன் பார்த்தவர்களுக்குக் 'குறும்படம்' ஞாபகம் இருக்கும். ஓவியா விஷயத்தில் ஜூலி சொன்னது உண்மையில்லை என்று, நடந்ததைக் கமல் வீடியோவாகப் போட்டுக் காட்டினார். ஓவியாமேல் தப்பில்லை என்று தெரிந்ததும் எங்க வீட்டில் ஒரே கைதட்டல். விசிலே அடித்தேன். மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா, டி.வி.யைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னது:

"நல்ல வேள, நம்ம வீட்ல அந்த மெசினு இல்ல."

விசில் பாதியில் நின்றுவிட்டது. அப்பத்தாவுக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாற்பது வருஷம் காய் பொறுக்கின கண். நல்ல காயையும் சொத்தைக் காயையும் தொடாமலே பிரிக்கும்.

அமெரிக்காவில் 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு சோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் ஒருவரைத் தவிர அறையில் இருந்த மற்ற எல்லாரும் அவர் செட்டப் செய்த ஆட்கள். வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார்கள். அந்த ஒருவரும் பல தடவை கூடச் சேர்ந்து தப்பாகச் சொன்னார். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு பதில், கூட்டத்தோடு கோவிந்தா. அப்புறம் ஒரு மாற்றம் செய்தார். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளை மட்டும் சரியான பதில் சொல்ல வைத்தார். தப்பு கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது.

ஒரே ஒரு ஆள்! பத்துப் பேர் வேண்டாம், படை வேண்டாம். அந்த வருஷம் சமூக வலைதளத்தில் 'ஓவியா ஆர்மி' என்று ஒரு படையே கிளம்பியது. நானும் அதில் ஒரு சிப்பாய். திரையில் இருந்த பெண்ணுக்கு ஆர்மி. வீட்டில் இருந்த பெண்ணுக்கு அந்த ஒரு ஆள்கூட இல்லை.

ஆர்மி என்ன செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருத்தியைப் பல பேர் சேர்ந்து ஒதுக்குவது தப்பு என்றுதானே கிளம்பினோம்? குறும்படம் முடிந்ததும் ஊரே சேர்ந்து ஜூலிமேல் பாய்ந்தது. 2017 ஜனவரியில் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் எந்தப் பெண்ணைத் தலையில் தூக்கி வைத்து ஆடினோமோ, அதே பெண்ணை ஜூலையில் கரித்துக் கொட்டினோம். அந்த வீட்டுக்குள் ஒருவர் 'சேரி பிஹேவியர்' என்று சொன்னதற்குத் தமிழ்நாடே கொந்தளித்தது. கொந்தளித்தது சரிதான். ஆனால் அப்படிப்பட்ட வார்த்தைகள் சாதாரணமாகப் புழங்கும் திண்ணைகள் எங்க தெருவிலேயே இருக்கின்றன. எந்தச் சேனலும் ஒளிபரப்பாததால் யாரும் கொந்தளிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை அண்ணன் ஜீப்பில் ஏறினேன். வேலைக்குப் போகும் பெண்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து தூங்கிக்கொண்டே வந்தார்கள். முந்தல் தாண்டியதும் மலை. போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு வசனம் தயார் செய்தேன். மூணாவது வளைவில் சொன்னது ஐந்தாவதில் பிடிக்கலை. ஒன்பதாவதில் அண்ணனிடம் முதலில் சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசலை. கியரை மாற்றினான். அந்தக் கியர் போட்ட சத்தத்தில் எல்லாம் இருந்தது.

பூப்பாறையில் மதினி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். 17 வளைவு வசனமும் மறந்து போனது. "மதினி, அந்தப் பணம்... நான்தான்..." என்றேன்.

"தெரியும் தம்பி."

"எப்படி?"

"உங்க சட்டைய நான்தான துவைக்கேன். பையில செருப்புக்கடை பில்லு இருந்துச்சு. அன்னிக்கே தெரியும்."

"அப்போ ஏன் சொல்லலை மதினி?"

"நான் சொன்னா யாரு நம்புவாக? நீங்களா சொல்லுவீகன்னு பாத்தேன்." அப்புறம் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "சாயா குடிக்கீகளா?" என்றார். ஏதாவது திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கன்னத்தில் ஒண்ணு விழும் என்று தயாராக நின்றேன். அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "அதான பாத்தேன். நம்ம புள்ளதான எடுத்திருக்கு. சொல்லிட்டு எடுக்கக் கூடாதாடா?"

கவனியுங்கள். மதினி என்றால் 'திருடிட்டா'. நான் என்றால் 'எடுத்திருக்கு'. அதே பீரோ, அதே நோட்டு. வினைச்சொல் மட்டும் மாறிவிட்டது. பிடிக்காதவர் செய்தால் அது அவர் குணம், பிடித்தவர் செய்தால் அது சந்தர்ப்பம். அந்த வித்தியாசம் எனக்கு உறைத்த மாதிரியே அம்மாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் இடுப்புச் சாவியைக் கழற்றிப் பழைய ஆணியில் மாட்டினாள். மன்னிப்பெல்லாம் எங்க வீட்டில் யாரும் வாயால் கேட்டது கிடையாது. ஆணிதான் கேட்டது. நாலு நாளில் மதினி திரும்பி வந்தார்.

அந்த ஆகஸ்டில் ஓவியா மன அழுத்தத்தில் போட்டியை விட்டுப் பாதியில் வெளியேறினார். செப்டம்பர் 30-ம் தேதி ஆரவ் ஜெயித்து 50 லட்சம் வாங்கினார். அப்புறம் எத்தனையோ ஸீஸன் வந்தாச்சு. 2024-ல் கமல் இடத்துக்கு விஜய் சேதுபதியும் வந்தாச்சு. 'நேரத்தை வீணாக்கும் நிகழ்ச்சி' என்று திட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பொழுதுபோக்குத்தான், வியாபாரம்தான். ஆனால், பார்த்துவிட்டு 'எப்படித்தான் இப்படியெல்லாம் இருக்காங்களோ' என்று உச்சுக்கொட்டுகிறோமே, அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். உங்க ஆபீஸில் பதினொரு மணி டீக்கு எல்லாரும் கிளம்பும்போது கூப்பிடாமல் விடப்படுகிற ஒரு ஸீட் எது? அந்த ஸீட்டைப் பற்றி டீக்கடையில் என்ன பேசுவீர்கள்? அதற்கு நாமினேஷன் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு நீங்கள் அவரைக் கூப்பிட்டால் போதும். அந்த ஒரு ஆள் நீங்கள்தான்.

அப்பத்தா இப்போ இல்லை. எங்க வீட்டில் எல்லாரும் திருந்திவிட்டோமா என்றால், அடுப்படி நாமினேஷன் இன்னும் நடக்கிறது சார். சில திங்கட்கிழமை மதினியும் அம்மாவும் சேர்ந்து என்னை நாமினேட் செய்கிறார்கள். கேட்டுக்கொண்டு போய்விடுவேன்.

போன வாரம் தங்கச்சி வீட்டுக்காரர் வந்திருந்தார். அம்மா சோறு பரிமாறிக்கொண்டே, யாரும் எதிர்பாராமல், தனக்கே தெரியாமல் கேட்டாள்:

"மதியா மாப்ள? இன்னுங் கொஞ்சம் வைக்கவா?"

மதினி திரும்பி என்னைப் பார்த்தார். ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லலை.