கடலில் கடை இல்லை

தென்துருவத்தைச் சூழ்ந்த பெருங்கடலுக்குச் செல்லும் ஆய்வுக் குழுவில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. புறப்படுமுன் கோவாவில் ஒரு மாத காலம் பெட்டிகள் கட்டினோம். என் பொறுப்பில் இருந்தவை கடல்நீர் முகக்கும் குப்பிகள்.

இக்குப்பிகள் இருபுறமும் திறந்தபடியே கடலுக்குள் இறங்கும். வேண்டிய ஆழத்தில் மூடிகள் இரண்டும் ஒருங்கே மூடிக்கொள்ளும். மூடியின் விளிம்பில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. கண்ணாடி வளையல் போன்ற எளிய பொருள்தான். அதில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும், 3,000 மீட்டர் ஆழத்து நீரோடு மேல்நீர் கலந்துவிடும். நாம் எழுதிவைக்கும் உப்பின் அளவு பொய்யாகும். அது பொய் என்பதும் நமக்குத் தெரியாது.

என் பட்டியலைப் பார்வையிட்ட தூத்துக்குடிப் பெரியவர் ஒருவர், "தம்பி, கடலில் கடை இல்லை, நான்சென் கதை தெரியுமா?" என்றார்.

நார்வே நாட்டவரான நான்சென் 1893-ஆம் ஆண்டு 'பிராம்' என்னும் கப்பலில் வடதுருவக் கடலுக்குச் சென்றார். பனி நெருக்கினால் நொறுங்காது மேலெழும்படி அக்கப்பலின் அடிப்பாகத்தை உருண்டையாக அமைத்திருந்தனர். பதின்மூவருக்கு ஐந்தாண்டு உணவு இருந்தது. விளக்கெரிக்க மின்சாரம் தரும் காற்றாலைகூட இருந்தது! இத்தனையும் எண்ணிச் செய்தவர், அக்கடல் ஆழமற்றது என்று நம்பி, ஆழம் அளக்கும் கயிற்றை மட்டும் குறைவாகக் கொண்டுபோனார். கயிறு முழுவதும் இறங்கியும் தரை தட்டவில்லை. பின்னர்க் கப்பலின் எஃகு வடம் ஒன்றைப் பிரித்து, அந்தக் கடுங்குளிரில் 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட புதிய கயிறு திரித்தார்கள். அதைக்கொண்டு அளந்த பின்னரே, வடதுருவக் கடல் 3,000 மீட்டரையும் கடந்த ஆழமுடையது என்பதை உலகம் அறிந்தது.

அவர்களுக்குப் பிரிக்க ஒரு வடமாவது இருந்தது. ரப்பர் வளையத்தை எதிலிருந்து பிரிப்பது?

அன்றிரவே முத்திரையிட்ட பெட்டியை மீண்டும் திறந்தேன். உள்ளே மாற்று வளையங்கள் நிறையவே இருந்தன. ஆனால் ஒன்றைக் குப்பியில் பொருத்திப் பார்த்தபோது திகைத்துப்போனேன். அது பழைய குப்பிகளுக்கு உரிய சிறிய அளவு! எண்ணிக்கையைச் சரிபார்த்த நான் அளவைப் பார்க்கவில்லை. பிழை முழுவதும் என்னுடையது. புதிய வளையங்கள், பெட்டிகள் புறப்படுவதற்கு முதல்நாள் மாலையில்தான் வந்து சேர்ந்தன.

இதற்கிடையில் ஊரிலிருந்து அன்னையார் ஒரு சாடி நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பியிருந்தார். அதற்கு இடம் செய்யக் கம்பளிச் சட்டை ஒன்றை வெளியே எடுத்தேன். வளையங்களில் ஐம்பதைத் தனியே முடிந்து, அந்தச் சாடியின் அருகே என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.